பேர் வைக்காத காத்து

டெல்டாக்காரங்ககிட்ட புயல்னு சொன்னா ஆளுக்கொரு வருஷம் சொல்லுவாங்க. எங்க அப்பாயி 1952-ம்பாங்க, அப்பா 1977-ம்பார், எனக்கு நிஷாவும் கஜாவும். நிஷா 2008 நவம்பர்ல வந்தப்ப ஒரத்தநாட்டுல ஒரே நாள்ல 66 சென்டிமீட்டர் கொட்டுச்சு. கஜா 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறி அதிராம்பட்டினத்துல 165 கிலோமீட்டர் வேகம் காட்டுச்சு, பட்டுக்கோட்டை பேராவூரணி தென்னந்தோப்பெல்லாம் என்ன ஆச்சுன்னு யாருக்கும் நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல. ஐப்பசி பொறந்துட்டாலே டிவிய போட்டு வச்சுக்கறோம், காரைக்கால்ல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்திருக்காங்கன்னு விசாரிக்கறோம், தென்னை மட்டைய கழிச்சு விடறோம், மெழுகுவர்த்தி வாங்கி வைக்கறோம். பட்டுப் பட்டுக் கத்துக்கிட்டது இது.

ஆனா நான் எழுத வந்தது அந்தப் புயலப் பத்தி இல்ல. சித்திரை வைகாசியில, கத்தரி வெயில் நேரத்துல, சாயங்காலம் நாலு மணிக்கு மேல வர்ற காத்தப் பத்தி. இதுக்குக் கூண்டு ஏத்த மாட்டாங்க, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட மாட்டாங்க (அது ஏற்கனவே லீவுதான்), பேரும் வைக்க மாட்டாங்க. வங்கக் கடல்ல ஒரு சுழற்சி 62 கிலோமீட்டர் வேகத்தத் தாண்டினா டெல்லியிலேர்ந்து பேர் வந்துரும், கஜாங்கறது இலங்கை குடுத்த பேரு, நிஷா பங்களாதேஷ் குடுத்தது. கோடை இடியோட வர்ற காத்து அதே வேகத்த சர்வசாதாரணமா தாண்டும், ஆனா கால் மணி நேரம், மிஞ்சிப் போனா அரை மணி நேரம். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும், அதனால அதுக்குப் பேரும் இல்ல, பேச்சும் இல்ல.

எப்படி வரும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். காலைலேர்ந்து ஒரே புழுக்கம், ஃபேனுக்கு அடியில உக்காந்தாலும் வேர்வை நிக்காது. மதியம் கடல் காத்து வரணும், அன்னிக்கு வராது இல்லன்னா லேட்டாகும். மூணு மணிக்கு மேல மேற்க, திருச்சி பக்கமோ புதுக்கோட்டை பக்கமோ மேகம் கட்ட ஆரம்பிக்கும், முதல்ல வெள்ளையா, அப்புறம் அடிப்பக்கம் கறுத்து. தட்டான் தாழப் பறக்கும். கொஞ்ச நேரம் ஒரு எலை கூட ஆடாது. அப்புறம் சடார்னு குளிர்ந்த காத்து, புழுதி, மண் வாசனை, அதோட தகர ஷீட்டு, கீத்து, பிளக்ஸ் பேனர், காயப் போட்ட துணி எல்லாம் ஒண்ணா கிளம்பும். வீட்டுல பெரியவங்க "அர்ஜுனா அர்ஜுனா"ன்னு சொல்லிக்கிட்டே கதவ சாத்துவாங்க. மழை நின்ன பெறவு வெளில வந்து பாத்தா வாழை போயிருக்கும், கரண்ட் போயிருக்கும், கொள்முதல் நிலையத்து வாசல்ல அடுக்கி வச்ச கோடை நெல்லு மேல தார்ப்பாய் பறந்து மூட்டை நனைஞ்சிருக்கும் (17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க, திரும்ப ரோட்டுல கொட்டி காய வைக்கணும்), உளுந்து களத்துல ஊறும், பருத்திக் காய் வெடிச்ச நேரமா இருந்தா பஞ்சு சேத்துல கெடக்கும். சில ஊருல ஒரு உயிரும் போயிருக்கும்.

எங்க சித்தப்பாவுக்கு திருக்காட்டுப்பள்ளி பக்கம் குடமுருட்டிக் கரையோரம் வாழை. பூவனும் மொந்தனும். தார் போட்டு முக்காவாசி முத்தின நேரத்துல ஒரு வைகாசி சாயங்காலம் இந்தக் காத்து வந்து தோட்டத்துல பாதிக்கு மேல சாய்ச்சுட்டு. மறுநா நான் போனப்ப சித்தப்பா வரப்பு மேல நின்னுகிட்டு வீடியோ கால்ல அண்ணன்கிட்ட காட்டிக்கிட்டு இருந்தாரு. அண்ணன் இருக்கறது அமெரிக்காவுல ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்ட்ல, மீனாட்சி கோயில் கட்டியிருக்காங்களே அந்த ஊரு.

"தம்பி, இது உங்க ஊரு டொர்னாடோதான்டா. சுழட்டி அடிச்சிட்டு."

அண்ணன் கேட்ட மொத கேள்வி, "மரமெல்லாம் எந்தப் பக்கம் தலை வச்சு விழுந்து கெடக்கு சித்தப்பா?"

நாங்க அப்பதான் அத கவனிச்சுப் பாத்தோம். எல்லா மரமும் கிழக்கால தலை. வடக்கு வரப்ப ஒட்டுன மரங்க மட்டும் கொஞ்சம் வடகிழக்கா திரும்பி, தெற்குப் பக்கம் இருந்தது கொஞ்சம் தென்கிழக்கா. ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கும் நெடுக்குமா விழுந்த மரம்னு தேடினாலும் இல்ல.

இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்காரு. டெட்சுயா ஃபுஜிட்டா, ஜப்பான்ல பொறந்தவரு, பின்னாடி சிகாகோ யுனிவர்சிட்டில வேலை பாத்தவரு. டொர்னாடோவோட, அதாவது மேகத்துலேர்ந்து தரைக்கு எறங்கற சுழல் காத்தோட, பலத்த அளக்கற எஃப் ஸ்கேல 1971-ல போட்டவரு அவருதான். 1945-ல நாகசாகில குண்டு விழுந்த எடத்த நேர்ல போய்ப் பாத்தப்ப, அங்க மரங்க ஒரு நடுப்புள்ளியிலேர்ந்து எல்லாத் திசைக்கும் வெளிப்பக்கமா சாஞ்சு கெடந்தத கவனிச்சிருக்காரு. அது அவரு மனசுல தங்கிருச்சு. 1974 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஒரே நாள் கணக்குல நூத்துக்கு மேல டொர்னாடோ அடிச்சப்ப, அந்த சேதத்த வானத்துலேர்ந்து பறந்து பாத்தவருக்கு சில எடத்துல சுழி விட்ட தடமே தெரியல, அதே நாகசாகி மாதிரி வெளிப்பக்கமா விழுந்த மரங்கதான் தெரிஞ்சுது. அடுத்த வருஷம் ஜூன்ல நியூயார்க்ல ஒரு விமானம் எறங்கற நேரத்துல இடி மழையில மாட்டி விழுந்தப்ப அவரு அதையும் ஆராய்ஞ்சு, மேகத்துலேர்ந்து ஒரு காத்து நேரா கீழ விழுந்து தரையில மோதி பரவுதுன்னு சொன்னாரு. டவுன்பர்ஸ்ட்னு அதுக்குப் பேரு. மொதல்ல நெறைய பேரு நம்பல. இன்னிக்கு பைலட் ஆகப் போறவங்க எல்லாரும் படிக்கற பாடம் அது.

நடக்கறது என்னன்னா, பகல் பூரா சூடேறுன ஈரக் காத்து மேல ஏறி பதினஞ்சு கிலோமீட்டர் உசரம் வரைக்கும் கூட மேகமா நிக்குது. மேல இருக்கற மழையும் ஐசும் கனம் தாங்காம எறங்கறப்ப சுத்தி இருக்கற காய்ஞ்ச காத்தையும் சேத்து இழுக்குது, அந்தக் காய்ஞ்ச காத்துல மழைத்துளி ஆவியாகி இன்னும் குளிரும், குளிர்ந்தா கனக்கும், கனத்தா இன்னும் வேகமா விழும். குடத்துத் தண்ணிய தரையில கவுத்தா எப்படி நாலா பக்கமும் சிதறி ஓடுமோ அப்படித்தான் அந்தக் காத்து நம்ம ஊரு மேல விழுந்து பரவுது. மேகம் மேற்கேர்ந்து கிழக்க நகந்துகிட்டு இருந்தா கிழக்கப் பக்கம் அடிக்கறது கூடுதலா இருக்கும். அதான் சித்தப்பா தோட்டத்துல மரமெல்லாம் கிழக்கால தலை வச்சு, விசிறி விரிச்சு கெடந்தது. டொர்னாடோவா இருந்தா காத்து உள்பக்கமா சுத்திக்கிட்டு போகும், தடத்தோட ரெண்டு கரையிலயும் மரம் நடுவப் பாத்து எதிர் எதிரா விழும், சேதம் ஒடுக்கமா நீளமா ஒரு பாதையா இருக்கும், பத்தடி தள்ளி ஒரு கூரை அப்படியே நிக்கும்.

"சுழி இல்ல சித்தப்பா, மேலேர்ந்து விழுந்த காத்து"ன்னு நான் சொன்னேன்.

"எதுவா இருந்தா என்னம்மா, மரம் போயிட்டு"ன்னாரு.

அவரு சொன்னது நியாயம். ஆனாலும் எது வந்துதுன்னு தெரியறது முக்கியம்னு நான் நெனைக்கறேன், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். நெசமான வலுவான டொர்னாடோவ வாழைத் தோட்டம் என்ன செஞ்சாலும் தாங்காது. நேரா அடிக்கற காத்த ஓரளவு தாங்க வைக்கலாம். பெரும்பாலும் எந்தத் திசையிலேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா மேற்குப் பக்கமும் தென்மேற்குப் பக்கமும் சவுக்கோ அகத்தியோ நெருக்கி ரெண்டு வரிசை விடலாம், தார் போட்ட மரத்துக்கு சவுக்குக் கம்பு முட்டு குடுக்கறப்ப அது சாயப் போற கிழக்குப் பக்கத்துக்குக் கணக்குப் பண்ணிக் குடுக்கலாம், இடி வானம் கட்டுற நாள்ல தண்ணி பாய்ச்சாம இருக்கலாம், ஏன்னா ஈர மண்ணுல வேரோட பிடிப்பு தளந்துரும். சித்தப்பா இப்ப இதத்தான் செய்யறாரு. எல்லா மரமும் பொழைக்கும்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா காத்துன்னா தலைவிதின்னு உக்காந்து இருக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு.

சரி, இங்க டொர்னாடோ வரவே வராதா? இத நெறைய பேரு கேக்கறாங்க, வாட்ஸப்புல எங்கயோ எடுத்த வீடியோவ வேளாங்கண்ணின்னும் கோடியக்கரைன்னும் போட்டு அனுப்பறப்ப எல்லாம் கேக்கறாங்க. பெரிய டொர்னாடோவுக்கு மூணு வேணும். கீழ ஈரமான சூடான காத்து, மேல குளிர்ந்த காத்து, அப்புறம் உசரம் போகப் போக காத்தோட வேகமும் திசையும் மாறணும், அதத்தான் விண்ட் ஷியர்ங்கறாங்க. மொத ரெண்டு நம்மகிட்ட கோடையில தாராளமா இருக்கு. மூணாவதுதான் கொறைச்சல். சித்திரை வைகாசியில மேல்மட்ட வேகக் காத்து எல்லாம் ரொம்ப வடக்க ஓடுது, நமக்கு மேல அமைதியா இருக்கு. அதனால நம்ம இடிமேகம் உசரமா வளரும், கொட்டும், தன் மழையிலயே தானே அமிஞ்சுரும். மொத்தமா சுழன்டுகிட்டே மணிக்கணக்கா ஓடற சூப்பர்செல்லா மாறறது அரிது.

அதே வங்கக் கடலோட வடக்குக் கரைக்குப் போனா கதை வேற. வங்காளத்துல பங்குனி சித்திரையில அந்த மேல்காத்து தலைக்கு மேலயே இருக்கு, கடல் ஈரமும் இருக்கு. 1989 ஏப்ரல் 26 பங்களாதேஷ்ல தவுலத்பூர், சாட்டூரியா பக்கம் அடிச்ச டொர்னாடோவுல சுமார் 1,300 பேர் செத்தாங்க, உலகத்துலயே டொர்னாடோவுல ஒரே தடவையில அதிகம் பேர் செத்தது அங்கதான். அமெரிக்காவுல வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல டொர்னாடோ வருது, ஆனா இந்தத் துயரம் நம்ம கடல் ஓரத்துல. தகரமும் ஓலையும் வேய்ஞ்ச வீடு, நெருக்கமான ஜனம், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்ல. நம்ம டெல்டா ஊருங்களும் பாக்க அப்படித்தானே இருக்கு.

இன்னொரு வழியும் இருக்கு. புயல் கரையேறும்போது அதோட வெளி மழைப் பட்டைகள்ல சின்னச் சின்ன டொர்னாடோ கெளம்பும், புயல் போற திசையப் பாத்து நின்னா முன்னாடி வலது பக்கத்துல. 2004-ல அமெரிக்காவுக்கு வந்த ஐவன் புயல்ல நூத்துக்கு மேல இப்படி வந்துச்சு. 2021 மே மாசம் யாஸ் புயல் ஒடிசாவுல கரையேற முந்தின நாள் மேற்கு வங்கத்துல ஹூக்ளி பக்கம் இப்படி ஒண்ணு அடிச்சு வீடுங்க போச்சு. நம்ம பக்கம் புயல் கிழக்கேர்ந்து மேற்க வரும், அப்ப வலது பக்கம்னா வடக்கு. நாகைல கரையேறினா காரைக்கால், தரங்கம்பாடி, சீர்காழி பக்கம். மையம் எங்க ஊருக்கு தெக்க போவுதுன்னு நிம்மதியா மாடில போய் நிக்கறவங்க இத நெனைப்புல வச்சுக்கணும்.

காய்ஞ்ச வயல்ல மதியம் புழுதியத் தூக்கிக்கிட்டு சுத்துதே, சின்னப் புள்ளைங்க பேய்க்காத்துன்னு ஓடுமே, அது வேற. அதுக்கு மேல மேகமே இருக்காது, சுட்ட தரையிலேர்ந்து கிளம்பி அங்கயே அடங்கிரும். கடல்ல மேகத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல தூண் மாதிரி எறங்குறது பெரும்பாலும் பலம் கம்மி, ஆனா ஃபைபர் படகுக்கு அது போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம்ங்கறதால விசைப்படகு கரையில நிக்கும், நாட்டுப் படகும் ஃபைபரும்தான் கடல்ல இருக்கும், கோடை இடியும் அதே மாசங்கள்லதான்.

அண்ணன் ஊரும் நம்மள மாதிரி ஈரமான கடலோர ஊருதான். மெக்சிகோ வளைகுடாவுலேர்ந்து சூடான ஈரக் காத்து, சேத்துத் தரை, புழுக்கம். அங்கயும் ஜனங்க ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் வர்ற பெரிய புயலுக்குத்தான் தயாரா இருந்தாங்க. 2023 ஜனவரி 24 பேர்லேண்ட் ஓரத்துலேர்ந்து பாசடேனா, டியர் பார்க் வழியா ஒரு டொர்னாடோ போச்சு, மணிக்கு 225 கிலோமீட்டர்னு கணக்குப் போட்டாங்க. அண்ணியும் புள்ளைங்களும் பாத்ரூம்ல போய் உக்காந்து இருந்தாங்க, ஏன்னா வீட்டுக்கு நடுவுல ஜன்னல் இல்லாத ரூம் அதுதான், ஃபோன்ல அலாரம் அடிச்சப்பவே போயிட்டாங்க. அப்புறம் 2024 மே 16. அது டொர்னாடோ கூட இல்ல பெரும்பாலும், நேரா அடிச்ச காத்து, 160 கிலோமீட்டர். கஜாவுக்கு அதிராம்பட்டினத்துல பதிவானதுக்குக் கிட்டத்தட்ட. ஹூஸ்டன் நடுவுல கண்ணாடிக் கட்டடங்கள்ல ஜன்னல் எல்லாம் நொறுங்கி, 9 லட்சம் வாக்குல இணைப்புக்கு கரண்ட் இல்லாம போச்சு, ஆளும் செத்தாங்க. அவ்வளவு வசதி இருக்கற ஊரையே பேர் இல்லாத ஒரு காத்து அப்படி ஆக்கிட்டுன்னா நம்ம நெலமைய யோசிச்சுப் பாருங்க.

ஆனா அவங்களுக்கு ஒரு பத்து நிமிஷமாவது கிடைக்குது. நாடு பூரா 160 வாக்குல ராடார், ஊரு அளவுல எச்சரிக்கை, எந்தத் தெரு வரைக்கும்னு மேப்புல கோடு. நமக்கு காரைக்கால்ல ஒரு டாப்ளர் ராடார் இருக்கு, அது பெரிய விஷயம், கஜாவ அது கண் வச்சுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஆனா பூமி உருண்டைங்கறதாலயும் ராடார் கதிர் கொஞ்சம் மேல்நோக்கி போறதாலயும் நூறு கிலோமீட்டர் தள்ளி திருக்காட்டுப்பள்ளி பக்கம் வர்றப்ப அது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உசரத்துல இருக்கறதத்தான் பாக்கும். தரையில என்ன அடிக்குதுங்கறது அதுக்குத் தெரியாது. ஒரு சுத்து முழுசா பாத்து முடிக்க பத்து நிமிஷம் ஆகும், அதுக்குள்ள டவுன்பர்ஸ்ட் விழுந்து முடிஞ்சிருக்கும். வானிலை மையம் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாவட்ட வாரியா அறிவிப்பு குடுக்குது, "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன், தரைக்காற்று 40 முதல் 50 கிலோமீட்டர்"னு. அத எழுதறவங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா அந்த ஓரிரு இடம் எந்த இடம்ங்கறது வயல்ல நிக்கற ஆளுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. டிவில ஓடுற நேரத்துல அவரு களத்துல நிப்பாரு.

காத்த விட எனக்கு பயம் மின்னல். நாட்டுல வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல மின்னல்ல சாகறாங்க, இது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்கு. யாருன்னு பாத்தீங்கன்னா பெரும்பாலும் வெட்டவெளியில வேலை செய்யறவங்க. பருத்தி எடுக்கற பொம்பளைங்க, நூறு நாள் வேலையில வாய்க்கால் வெட்டுறவங்க, அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போட ராமநாதபுரம் சிவகங்கை பக்கத்துலேர்ந்து வந்து ராவும் பகலும் ஆட்டோட வயல்லயே கெடக்கற கீதாரிங்க. மழை வருதுன்னு ஒதுங்க அவங்களுக்கு இருக்கறது ஒத்தப் பனையோ புளியமரமோதான், அதுதான் இருக்கறதுலயே மோசமான இடம். பனை மின்னல வாங்கிக்கும், நம்மள காப்பாத்தும்னு சொல்லுவாங்க, மின்னல் பனைல எறங்கறது நெசம்தான், ஆனா கீழ நிக்கறவங்கள விட்டுட்டுப் போகாது, மரத்துலேர்ந்து பக்கவாட்டுல தாவும், தரை வழியா காலுல ஏறும்.

மின்னலப் பாத்து இடி கேக்கற வரைக்கும் எண்ணுங்க, மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள்ள கேட்டுட்டுன்னா பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு, கையில இருக்கறத போட்டுட்டு சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள்ள போயிடணும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளில வரக் கூடாது. புனேல இருக்கற வெப்பமண்டல வானிலை நிறுவனம் தாமினின்னு ஒரு ஆப் போட்டிருக்காங்க, பக்கத்துல மின்னல் அடிக்குதான்னு காட்டும். கீதாரிங்க கையிலயும் இன்னிக்கு ஃபோன் இருக்கு, ஒரு தடவை உக்காந்து போட்டுக் காட்டினா போதும். மழை நின்ன பெறவு அறுந்து கெடக்கற ஈ.பி. கம்பிய மிதிச்சு சாகறவங்களும் உண்டு, லைன்மேன் வர வரைக்கும் அந்தப் பக்கம் ஆடு மாடு போகாம ஒரு ஆள் நிக்கணும்.

நிவாரணம்னு வந்தா இன்னும் வருத்தம். பயிர்க் காப்பீட்டுல பெரும்பாலும் ஒரு பகுதியோட சராசரி மகசூல வச்சுத்தான் கணக்கு, ஒரு தோட்டம் மட்டும் சாஞ்சா அந்த சராசரி அசையாது. தனி வயலுக்குன்னு இருக்கற பிரிவு ஆலங்கட்டி, மேகவெடிப்பு, மின்னல் தீ மாதிரி சேதத்துக்கு, வெறும் காத்துல சாஞ்ச வாழை அதுல சுலபமா உக்காராது. அந்தக் காத்து எவ்வளவு வேகம்னு காட்ட நம்மகிட்ட பதிவும் இல்ல. நாகை, காரைக்கால், அதிராம்பட்டினம், ஆடுதுறைன்னு அங்கங்க அளக்கற நிலையம் இருக்கு, ஆனா மூணு நாலு கிலோமீட்டர் அகலத்துல விழற காத்து அந்த இடைவெளியில விழுந்துட்டுப் போயிரும். ஒன்றியத்துக்கு நாலு எடத்துல, பள்ளிக்கூட மாடிலயோ கூட்டுறவு சங்கக் கட்டடத்து மேலயோ ஒரு காத்துமானி வச்சு அந்த அளவ எல்லாரும் பாக்கற மாதிரி போட்டா, விவசாயி கையில ஒரு ஆதாரம் இருக்கும், ராடார் பாக்கறவங்களுக்கும் தரையில என்ன நடந்துச்சுன்னு தெரியும். கோயில் மைக் எல்லா ஊருலயும் இருக்கு, திருவிழாவுக்கு ஊரே அதிர்ற அளவுக்கு. பஞ்சாயத்துல ஒருத்தரப் பொறுப்பா வச்சு, மேற்க மேகம் கட்டி ஃபோன்ல எச்சரிக்கை வந்ததும் அந்த மைக்குல ரெண்டு வார்த்தை சொன்னா வயல்ல நிக்கறவங்களுக்குக் கேக்கும்.

அது வரைக்கும் நம்ம கையில ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை சாஞ்சா, மரத்த வெட்டி ஒதுக்கறதுக்கு முன்னாடி நாலு மூலையிலேர்ந்தும் ஃபோட்டோ எடுங்க, தலை எந்தத் திசைன்னு ஃபோன்ல காம்பஸ் வச்சுப் பாத்து எழுதுங்க, காத்து எத்தன மணிக்கு ஆரம்பிச்சு எத்தன மணிக்கு நின்னுதுன்னும் எழுதுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்களையும் எடுக்கச் சொல்லுங்க, ஏன்னா ஒரு தோட்டத்த மட்டும் வச்சு விசிறி எங்கேர்ந்து விரியுதுன்னு சொல்ல முடியாது. வி.ஏ.ஓ. வந்தா அவருகிட்ட ஒரு காப்பி, தோட்டக்கலைத் துறைக்கு ஒரு காப்பி.